வேகம் உடம்புக்குத் தெரியாது

"ஏனுங்க டீச்சர், அதுல இஞ்சினே காணோமுங்களே?"

இயக்க விதிகள் பாடத்தை ரோலர் கோஸ்டர் படத்தோடு ஆரம்பித்தால் ஒன்பதாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் படத்தையே காட்டுகிறேன். நான் பாடம் எடுப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தமிழ் மீடியம் பள்ளியில். கேரள அரசின் பாடப்புத்தகம், தமிழில் அச்சடித்தது. பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பாட்டி வீடு பொள்ளாச்சிப் பக்கம். கடைகண்ணிக்குக் கொழிஞ்சாம்பாறை, துணி எடுக்கக் கோயமுத்தூர், ஆபீஸ் வேலைக்குப் பாலக்காடு. பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் கொச்சிப் பக்கம்தான். அங்கே பூங்காவில் ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கிய பிள்ளைகள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "என்னா ஸ்பீடு டீச்சர்!"

எனக்கு வேலை இருப்பது அந்த வார்த்தையில்தான். அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பிசைந்தது வேகமே இல்லை. வேகம் என்ற ஒன்றை நம் உடம்பு அறியவே அறியாது. வேகம் மாறினால் அறியும். அதையும் ஏதாவது ஒன்று நம்மைத் தள்ளும்போது, அந்தத் தள்ளலாகத்தான் அறியும். நியூட்டன் 1687-ல் எழுதிவைத்த மூன்று விதிகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து இரண்டிரண்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் மூன்றும் சேர்ந்து சொல்வது இந்த ஒரு விஷயத்தை. அதை ரோலர் கோஸ்டர் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இன்னொரு பொருளை நான் பார்த்ததில்லை.

சுற்றுலா பஸ் வடக்கஞ்சேரி தாண்டிக் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வேன். ரோடு நேராக இருக்கிறது, டிரைவர் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார். இப்போது பஸ் முப்பதில் போகிறதா அறுபதில் போகிறதா? இஞ்சின் சத்தத்தையும் அதிர்வையும் வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். உடம்பு ஒரு பதிலும் தராது. சுரங்கம் முடியும் இடத்தில் முன்னால் போகும் லாரி மெதுவாக, டிரைவர் பிரேக்கில் கால் வைத்ததும் எல்லாத் தலையும் முன்னால் சாயும். யாரும் அவர்களை முன்னால் தள்ளவில்லை. பஸ் வேகம் குறைந்துவிட்டது, உடம்பு பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. முன்சீட்டுக் கம்பி வந்து தடுக்கும்வரை போகும். முதல் விதி அதைத்தான் சொல்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணமும் உண்டு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பாலக்காட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். அபுதாபியில் 2010-ல் திறந்த ஃபார்முலா ரோஸ்ஸா என்ற ரோலர் கோஸ்டரின் உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். அதைப் போல ஆறு ஏழு மடங்கு வேகத்தில், மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஒரு பருக்கை சிந்துவதில்லை. காரணம், அந்த வேகத்தின் திசை மாறி ஒரு முழு வட்டம் முடிய ஒரு நாள் ஆகிறது. அவ்வளவு மெதுவான மாற்றத்தை உடம்பு கண்டுகொள்ளாது. ஃபார்முலா ரோஸ்ஸாவோ நின்ற இடத்திலிருந்து 240-ஐச் சுமார் ஐந்தே வினாடியில் எட்டுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் முதுகை அந்த ஐந்து வினாடியும் சீட்டு ஏறக்குறைய 670 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது, அதாவது அவருடைய எடையைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக. அலறுவது அந்தத் தள்ளலுக்குத்தான்.

சரி, இஞ்சின் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் வண்டியில் இஞ்சின் கிடையாது. தரையில் ஒரு மோட்டார் இருக்கும். அது ஒரு கனத்த சங்கிலியை ஓட்டும், சங்கிலி வண்டியின் அடியைக் கொக்கிபோட்டுப் பிடித்து முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போகும். ஏறும்போது கேட்கும் 'கடக் கடக்' சத்தம் சங்கிலியுடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வண்டியின் அடியில் ஒரு இரும்பு நாக்கு தொங்குகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக வெட்டிய ஒரு பட்டை ஓடுகிறது. ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் நாக்கு அதன்மேல் ஏறி விழுகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும், கரண்ட் போனாலும், நாக்கு அடுத்த பல்லில் மாட்டிக்கொள்ளும், வண்டி பின்னால் உருளாது. பயத்தைக் கூட்டுகிற அந்தச் சத்தம் உண்மையில் பாதுகாப்பின் சத்தம். பிள்ளைகளுக்கு இதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உச்சி தாண்டியதும் சங்கிலி கழன்றுவிடும். அதற்கப்புறம் கடைசிவரை புவியீர்ப்பு மட்டும்தான் ஓட்டுகிறது. இதற்கு எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஆட்களோடு சேர்த்து 6 டன் வண்டி, 30 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 கிலோ, பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் 9.8, பெருக்கல் 30: 17,64,000 ஜூல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் 36,00,000 ஜூல். ஆக அரை யூனிட் கரண்ட்! மோட்டாரிலும் சங்கிலியிலும் வீணாவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இத்தனை பேரையும் அலறவைப்பதற்கான மொத்த ஆற்றல், வீட்டில் தண்ணீர் மோட்டார் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடும் செலவு. இந்தக் கணக்கு முடிந்ததும் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அந்த 30 மீட்டரிலிருந்து இறங்கும்போது உராய்வே இல்லாவிட்டால் அடியில் வேகம் நொடிக்கு 24 மீட்டர், மணிக்கு 87 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் எடை வரவே வராது. கனமான வண்டியைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, ஆனால் அதை முடுக்கவும் அதே அளவுக்கு அதிக விசை வேண்டியிருக்கிறது. நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் விசை என்கிற இரண்டாம் விதியில் இரண்டு பக்கமும் ஒரே நிறை, அடித்துவிடலாம். பிறகு ஏன் ஆட்கள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிட வேகமாகப் போகிறது? பூங்காக்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. காற்றுதான் காரணம். சக்கர உராய்வு எடைக்கேற்பக் கூடும் என்பதால் அது பெரிய வித்தியாசம் செய்யாது. எதிர்க்காற்று கொடுக்கும் தடை, வண்டியின் உருவத்தையும் வேகத்தையும் பார்க்குமே தவிர எடையைப் பார்க்காது. அதே தடை 3 டன்னை இழுத்து நிறுத்துவதைவிட 6 டன்னை இழுத்து நிறுத்துவது கடினம். சின்ன விஷயம்தான், ஆனால் 'எடை கணக்கில் வராது' என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் பூங்காவில் கண்ணால் பார்ப்பதும் நாம் சொன்னதும் ஒத்துவராது.

உராய்வும் காற்றும் எவ்வளவு தின்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூமராங் வகைதான் சரி. உலகம் முழுக்கப் பல பூங்காக்களில் இருக்கிற வகை. இரண்டு முனையிலும் இரண்டு கோபுரம், சுமார் 35 மீட்டர். நடுவில் தலைகீழ் வளையங்கள். வண்டியைப் பின்பக்கமாக முதல் கோபுரத்தில் இழுத்து விட்டுவிடுவார்கள். அது இறங்கி, நிலையத்தைக் கடந்து, வளையங்களில் சுற்றி, எதிர்க் கோபுரத்தில் ஏறும். உச்சியைத் தொடாது. தொடவே முடியாது. இடையிலேயே மூச்சு வாங்கி நிற்கப்போகும் சமயத்தில் இரண்டாவது சங்கிலி அதைப் பிடித்து மீதி உயரத்துக்கு இழுக்கும். அந்த மீதி உயரம்தான் வழியில் செலவான ஆற்றல். கலிலியோ ஒரு சரிவில் குண்டை உருட்டிவிட்டால் எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும் என்று பார்த்தார். எதிர்ச் சரிவைத் தாழ்த்திக்கொண்டே போய்ச் சமதளமாக்கிவிட்டால் குண்டு நிற்கவே காரணம் இல்லை என்று யோசித்தார். முதல் விதியின் வித்து அந்த 'ஏறக்குறைய'வில்தான் இருக்கிறது. குறைந்தது உராய்வால், இயக்கத்தின் குணத்தால் இல்லை என்று பிரித்துப் பார்த்தாரே, அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

இனி உடம்புக்கு வருவோம்.

ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி ஆடியவர்களுக்கு இது தெரியும். தூரி அடிக்கு வரும்போது பலகை நம்மை அழுத்தி மேலே தள்ளும், கை கயிற்றை இறுக்கும். உச்சிக்குப் போகும்போது பலகைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கணம். நம் எடை மாறவில்லை. பூமி நம்மை எப்போதும்போல ஒரே விசையோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மாறுவது பலகை தரும் விசை. நாம் 'கனம்' என்று உணர்வது எப்போதுமே நம்மைத் தாங்கும் பொருளின் தள்ளலைத்தான். பூமியின் இழுப்பை நாம் உணர்வதே இல்லை. அது உடம்பின் ஒவ்வொரு துளியையும் ஒரே மாதிரி இழுப்பதால் உடம்புக்குள் எதுவும் எதையும் நெருக்குவதில்லை.

ரோலர் கோஸ்டரில் இதே சங்கதி பெரிய அளவில் நடக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தின் அடியை வண்டி கடக்கிறது, அந்த இடத்தில் வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 20: அதுதான் மேல்நோக்கிய முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டு மடங்கு. சீட்டு அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் எடையையும் தாங்க வேண்டும், மேல்பக்கமாகத் திருப்பியும் விட வேண்டும். ஆக மொத்தம் மூன்று மடங்கு. 50 கிலோ பிள்ளைக்கு 150 கிலோ ஆகிவிட்ட மாதிரி இருக்கும். கையைத் தூக்கப் பார்த்தால் தூக்க முடியாது, கன்னச்சதை கீழே இழுக்கும்.

மேட்டின் முகட்டில் கதை தலைகீழ். ஆரம் 10 மீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் முகட்டின் வளைவோடு சேர்ந்து கீழே திரும்ப ஏறக்குறைய முழு எடையும் தேவைப்படும். சீட்டு தள்ள வேண்டிய அவசியமே இல்லை, தள்ளல் பூஜ்யம். வயிறு காலியாகி மேலே எழும்புவது போன்ற உணர்வு அங்கேதான். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் ஒன்றையொன்று தாங்குவதை நிறுத்திவிடுகின்றன. வேகம் இன்னும் கூடினால் சீட்டு நம்மை விட்டு விலகிக் கீழே போகும், மடியில் கிடக்கும் கம்பிதான் நம்மைக் கீழே தள்ளி வண்டியோடு வைத்திருக்கும். ஒரு தடவை முகட்டில் ஒரு பையனின் ரப்பர் செருப்பு காலை விட்டுக் கிளம்பியது. கீழே நின்றவர்களுக்கு அது மேலே பறந்தது போல இருந்திருக்காது. அது ஒரு சீரான வளைகோட்டில், எறிந்த கல் போகிற பாதையில் போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. தண்டவாளம்தான் அதைவிடச் சீக்கிரமாகக் கீழே வளைந்தது. செருப்பைத் தாங்க யாரும் இல்லை, அதனால் அது முதல் விதியும் புவியீர்ப்பும் சொன்னபடி நடந்துகொண்டது. செருப்பு, தொப்பி, மூக்குக்கண்ணாடி, செல்போன் எதையும் ஏறுமுன் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வது இதனால்தான். கீழே நிற்பவரின் தலைக்கு அந்த செல்போன் நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வரக்கூடும்.

எந்த சீட்டில் உட்காருவது என்று கேட்டால் கடைசி சீட்டு என்பேன். எல்லாப் பெட்டியும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் எந்த நொடியிலும் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். ஆனால் ஒரே நொடியில் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. முதல் பெட்டி முகட்டைத் தாண்டும்போது வண்டியின் பெரும்பாதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் மெல்ல எட்டிப்பார்த்து ஊசலாடி நிற்பது போல இருக்கும். கடைசிப் பெட்டி முகட்டுக்கு வரும்போது முன்னால் இருப்பவை ஏற்கெனவே சரிவில் வேகமெடுத்துவிட்டன, இதை வெடுக்கென்று இழுத்துப்போகின்றன. அதே முகடு, அதே வளைவு, ஆனால் வேகம் கூடுதல். வேகத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். முன்சீட்டின் சுகம் வேறு, எதிரே ஒன்றும் மறைக்காது. பள்ளத்தில் பாய்ந்து இறங்குவது பிடிக்குமானால் பின்சீட்டுதான்.

தலைகீழ் வளையத்தில்தான் கேள்விகள் அதிகம். "உச்சியில் கீழே விழாமல் எதுங்க டீச்சர் பிடிச்சுக்குது? பெல்ட்டா?" பதில் சொல்லாமல் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தூக்குப் போசியில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். கையை நீட்டித் தலைக்குமேல் சுற்ற வேண்டும். கையும் போசியும் சேர்ந்து ஆரம் 90 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்று 1.9 வினாடிக்குள் முடிந்தால் போதும், தண்ணீர் சிந்தாது. பயந்து மெதுவாகச் சுற்றுகிறவள் நனைவாள். தைரியமாகச் சுற்றுகிறவள் நனையமாட்டாள். போசியின் அடி உச்சியில் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். ஆமாம், கீழேதான் தள்ளுகிறது. தண்ணீர் தன் போக்கில் விழுவதைவிட வேகமாகப் பாதை கீழே வளைகிறது, அதனால் போசி தண்ணீரைக் கூடுதலாகத் தள்ளித்தான் பாதையில் வைத்திருக்க முடியும். ரோலர் கோஸ்டரிலும் அதுதான். சரியான வேகத்தில் போகும் வளையத்தின் உச்சியில் சீட்டுதான் நம்மைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, தோளில் இருக்கும் பட்டைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வண்டி ஏதாவது காரணத்தால் அங்கேயே நின்றுவிட்டால்தான் அதற்கு வேலை.

இந்த வளையத்தின் வடிவத்துக்குப் பின்னால் வலியோடு கற்றுக்கொண்ட ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1884-ல் லாமார்க்கஸ் தாம்ப்ஸன் என்பவர் திறந்த ரோலர் கோஸ்டர் ரயில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போனது. சைக்கிள் வேகம்கூட இல்லை. அதே கோனி ஐலண்டில் 1895-ல் ஃப்ளிப் ஃப்ளாப் என்ற வளைய ரயில் வந்தது. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி சரியான வட்டம். ஏறியவர்களுக்குக் கழுத்து வலி, கழுத்துக் காயம். சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். ஏன் என்பதை இரண்டாம் விதியை வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். 14 மீட்டர் உயரமான முழு வட்டம், ஆரம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நுழைகிறோம். 400-ஐ 7-ஆல் வகுத்தால் 57. அதோடு புவியீர்ப்பு 9.8. ஏறக்குறைய ஏழு மடங்கு! 50 கிலோ பிள்ளைக்கு 340 கிலோ. தலை மட்டும் நாலு கிலோ என்றாலும் கழுத்து தாங்க வேண்டியது 27 கிலோ. அதுவும் நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்த ஒரு புள்ளியில், ஒரு மடங்கிலிருந்து ஏழு மடங்குக்குத் திடீரென்று தாவுகிறது.

இப்போது அடியில் ஆரத்தை 20 மீட்டராகப் பெரிதாக்கி, மேலே போகப்போகக் குறைத்து, உச்சியில் 6 மீட்டராக்குவோம். உயரம் அதே 14 மீட்டர். அடியில் மூன்று மடங்குதான், தாங்கக்கூடியது. உச்சியில் வேகம் நொடிக்கு 11 மீட்டராகக் குறைந்திருக்கும். கணக்குப் போட்டால் சீட்டின் தள்ளல் நம் எடையைப் போல 1.1 மடங்கு. அதாவது தலைகீழாகத் தொங்கும்போது, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கும் அதே கனம்! கண்ணை மூடிக்கொண்டால் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. கண்ணீர்த்துளி மாதிரி மேலே குறுகிய இந்த வடிவத்தை ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்டுக் கொடுத்தார். 1976-ல் கலிஃபோர்னியாவில் திறந்த ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டரில்தான் நவீன செங்குத்து வளையம் முதன்முதலில் வெற்றிபெற்றது. வட்டம் அழகானது, சரிதான். ஆனால் கழுத்துக்கு வட்டம் ஆகாது.

மிகையான விசை மட்டும் பிரச்சினை இல்லை, அது எவ்வளவு சடக்கென்று வருகிறது என்பதும் பிரச்சினைதான். நம் ரயில் பாதைகளிலேயே இதற்கு மருந்து உண்டு. நேர்ப்பாதையும் வளைவும் நேரடியாக ஒட்டாது, நடுவில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் ஒரு இணைப்புத் துண்டு இருக்கும். அது இல்லாவிட்டால் மேல் பெர்த்தில் தூங்குகிறவர் ஒவ்வொரு வளைவிலும் விழித்துக்கொள்வார். ரோலர் கோஸ்டரில் இன்னும் ஒரு படி போகிறார்கள். பாதை முறுக்கிக்கொண்டு புரளும் இடத்தில் தண்டவாளத்தை அச்சாக வைத்துச் சுழற்றினால் மேலே இருக்கும் தலை பெரிய வட்டமடித்துப் பக்கவாட்டில் அடிவாங்கும். அதனால் பயணியின் நெஞ்சு இருக்கும் உயரத்தை அச்சாக வைத்து, தண்டவாளத்தையே அதைச் சுற்றி முறுக்குகிறார்கள். கீழிருந்து பார்த்தால் இரும்பு கோணல்மாணலாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு ஏறக்குறைய நேராகப் போகும். இரும்பு வளைகிறது, மனுஷன் வளைவதில்லை. இதை யோசித்துச் செய்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை ஒன்று உண்டு என்கிற மூன்றாம் விதிக்குத்தான் எங்கள் பள்ளிகளில் அநியாயம் நடக்கிறது என்பது என் எண்ணம். ராக்கெட், துப்பாக்கி, படகிலிருந்து குதிப்பது: காலங்காலமாக இதே உதாரணம். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு போகிறது. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூன்றாம் விதிக்கு வேலை இல்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பம் அதைவிடப் பெரியது. புத்தகம் மேஜைமேல் இருக்கிறது, பூமி கீழே இழுக்கிறது, மேஜை மேலே தள்ளுகிறது, இரண்டும் சமம், எதிர்த்திசை, ஆகவே இது மூன்றாம் விதி என்று விடைத்தாளில் எழுதுவார்கள்.

இல்லை. பூமி என்னை இழுக்கிறது என்றால் அதன் ஜோடி, நான் பூமியை இழுப்பது. சீட்டு என்னைத் தள்ளுகிறது என்றால் அதன் ஜோடி, நான் சீட்டைத் தள்ளுவது. ஜோடியின் இரண்டு விசையும் வேறு வேறு பொருளின்மேல் படுகின்றன, அதனால் ஒன்றையொன்று அழிப்பதில்லை. பூமியின் இழுப்பும் சீட்டின் தள்ளலும் இரண்டுமே என்மேல் படுகின்றன, அவை ஜோடி இல்லை. ஜோடியாக இருந்திருந்தால் அவை எப்போதும் சமமாகவே இருந்தாக வேண்டும். பள்ளத்தில் மூன்று மடங்கும் முகட்டில் பூஜ்யமும் வந்திருக்கவே முடியாது. அவை சமமாக இல்லாத அந்த வித்தியாசம்தான் ரோலர் கோஸ்டர். டிக்கெட் வாங்குவது அதற்காகத்தான். இதைச் சொல்லும்போது சில முகங்களில் ஒரு வெளிச்சம் வரும், அப்புறம் விடைத்தாளில் அந்தத் தவறு வராது.

ஜோடி எங்கே இருக்கிறது என்று காட்ட வண்டி நிலையத்தில் நிற்கும்போது சக்கரங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு முனையிலும் மூன்று வகைச் சக்கரம். தண்டவாளத்தின் மேல் ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் உரசி ஓடுவது ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடுவது ஒன்று. அந்த அடிச்சக்கரத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை பெற்றார். முகட்டில் வண்டி மேலே கிளம்பப் பார்க்கும்போது அடிச்சக்கரம் தண்டவாளத்தை மேல்பக்கமாகத் தள்ளும், தண்டவாளம் அதே விசையோடு சக்கரத்தைக் கீழே தள்ளும். பள்ளத்தில் மேல்சக்கரம் தண்டவாளத்தைக் கீழே அழுத்தும், தண்டவாளம் வண்டியை மேலே. வளைவுகளில் பக்கச்சக்கரம். வண்டி தண்டவாளத்துக்குக் கொடுப்பதையெல்லாம் தூண்கள் வாங்கி அஸ்திவாரத்துக்குக் கடத்துகின்றன. வளையத்தின் அடியில் தூண்கள் ஏன் அத்தனை பருமன் என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து வேலா, பூரம், மாரியம்மன் நோம்பிகளில் மரணக் கிணறு போடுவார்கள். மரப்பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றும். அதுவும் இந்தக் குடும்பம்தான், அங்கே சீட்டுக்குப் பதில் சுவர். டயர் சுவரை வெளியே தள்ளுகிறது, சுவர் வண்டியை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இருப்பதால்தான் டயருக்குப் பிடிப்பு, பிடிப்பு இருப்பதால்தான் கீழே சறுக்கவில்லை. 5 மீட்டர் ஆரமும் ஓரளவு நல்ல பிடிப்பும் இருந்தால் மணிக்கு 32, 33 கிலோமீட்டர் வேகமே போதும். ஆனால் ரோலர் கோஸ்டரில் அடிச்சக்கரம், இரும்பு நாக்கு என்று ஒன்றுக்கு இரண்டாகக் காவல் இருக்கிறது. மரணக் கிணற்றில் அந்த ஓட்டுநருக்கு இஞ்சினும் கையும் தவிர வேறு காவல் இல்லை. மேலே நின்று ரூபாய் நோட்டை நீட்டி ஓட்டுநரைக் கையை விடவைக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கடைசியில் நிறுத்துவதற்குப் பல இடங்களில் இப்போது காந்த பிரேக். வண்டியின் அடியில் ஒரு உலோகத் தகடு, பாதையில் இரண்டு வரிசை நிலைக் காந்தம். தகடு அவற்றின் நடுவே பாயும்போது அதில் மின்னோட்டம் சுழித்து, அதுவே இயக்கத்தை எதிர்க்கும். கரண்ட் வேண்டாம், எதுவும் எதையும் தொடுவதுமில்லை. வேகம் குறையக் குறைய இந்த எதிர்ப்பும் குறைவதால் முழுசாக நிறுத்த மட்டும் வேறு பிரேக் வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஏறப் பயப்படுகிற பிள்ளைகளை ஓரமாக உட்காரவைக்க வேண்டாம், அளவெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, முதல் இறக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு தூணைக் குறிவைத்து செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வண்டியின் மூக்கு தூணைத் தொடும் கணத்துக்கும் வால் தூணைத் தாண்டும் கணத்துக்கும் இடையே உள்ள நேரம் கிடைக்கும். 12 மீட்டர் நீளமுள்ள வண்டி 0.6 வினாடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் போட்டால் 20.4 மீட்டர் வரும். உண்மையான இறக்கம் அதைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் உராய்வும் காற்றும் தின்ற பங்கு கையில் கிடைத்துவிடும். காலையில் முதல் ஓட்டத்தை ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை எடுங்கள். அச்சுகளில் இருக்கும் கிரீஸ் சூடேறி இளகிய பிறகு வண்டி காலையைவிட வேகமாக ஓடும், நேரத்தில் அது தெரியும். கூட்டமான வண்டியையும் பாதி காலியான வண்டியையும் அதேபோல் ஒப்பிடலாம். வண்டியின் நீளத்தை மட்டும் மறக்காமல் பூங்கா ஊழியரிடம் கேட்டு முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்தக் கணக்கு நகராது.